நடுவில் விட்ட இடம்

வாசலில் நின்ற மூன்று அலங்காரப் பனைகளில் சுவரை ஒட்டியது நிழலுக்குள் வளைந்திருந்தது. தெருப்பக்கம் அவ்வளவு வெயில் கொட்டிக் கிடக்க, ஒரு பனை எதற்காகச் சுவரில் போய் முட்டிக்கொள்ளும்? காலையில் துடைப்பமும் கையுமாக வந்தவள் பெருக்குவதை மறந்து அதையே பார்த்தபடி நின்றாள்.

பனை அவளுக்குப் புதிதல்ல. வீட்டின் பின்புறம் முழுக்க அவர்களுடைய நர்சரி. ஒற்றைத் தண்டாக வளரும் பனைகளைக் கொத்தாக நிற்கவைத்து விற்பதுதான் பிழைப்பு. ஒரே தொட்டியில் நான்கு கன்றுகளை, உயரம் கொஞ்சம் முன்பின்னாக, நடுவில் ஒன்றும் சுற்றி மூன்றுமாக வைத்துவிட்டால் வேர்கள் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும். வளர்ந்தபின் ஒரே அடியிலிருந்து கிளம்பிய குடும்பம் போலத் தெரியும். ஒன்று பட்டுப்போனால் பிடுங்கக் கூடாது, மற்றவற்றின் வேரும் சேர்ந்து அறுந்துவிடும். மண் மட்டத்தில் வெட்டி, அதே இடத்தில் உடனே இன்னொரு கன்றைச் செருக வேண்டும். இந்தக் கொத்தின் நடுக்கன்று பட்டுப்போனபோது அவள் நிறைமாதக் கர்ப்பிணி. எப்படியோ வெட்டிவிட்டாள், இன்னொரு முறை குனிந்து நட உடம்பு இடம் கொடுக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு அது நினைவிலும் இல்லை. நடுவில் ஓட்டையோடு வளர்ந்த கொத்தை யாரும் வாங்கவில்லை. கடைசியில் தொட்டியிலிருந்து எடுத்து, சொந்த வாசல் மண்ணிலேயே நட்டுவிட்டார்கள்.

“என்ன, மூணும் மாமியாரைப் பாத்த மருமக மாதிரி ஒதுங்கி ஒதுங்கி நிக்குது?” வண்டியில் தொட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான்.

“சிரிக்காதீங்க. வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்கு. அது ஏன் அங்க போய் வளையணும்?”

“உன் மேல ஏதாவது கோவமா இருக்கும். எனக்குத்தான் வெளிய காட்டத் தைரியம் இல்ல, அதுக்கு இருக்கு.”

வண்டி தெருமுனை திரும்பியது. அவள் மறுபடி பார்த்தாள். மூன்றும் வெளிச்சத்தைத் தேடிப் போகவில்லை. நடுவில் இருந்த எதையோ விட்டு விலகியிருந்தன.

மதியம் துணி காயப்போட வந்தபோது, அந்த வெற்றிடத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் அவள் பெயர் வாண்டு. ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் நின்றது.

“அங்க என்னடி பண்ற? பூச்சி கடிச்சு வைக்கும், வெளிய வா.”

“எனக்கு இடம் சரியா இருக்கும்மா.”

அள்ளித் தூக்கினாள். பாதங்கள் மண்ணிலிருந்து வெளிவரும்போது சேற்றிலிருந்து பிடுங்கியது போல ஒரு சத்தம். சுற்றிலும் மண் காய்ந்து கிடந்தது.

மகளுக்குக் கால் கழுவி, உள்ளறையில் வண்ணப் பென்சில்களோடு உட்காரவைத்துக் கதவைத் தாழிட்டாள். சின்ன மண்வெட்டியோடு திரும்பி வந்து நடுவில் தோண்டினாள். இத்தனை வருஷத்தில் பழைய அடிக்கட்டை மட்கிப் பொடியாகியிருக்க வேண்டும். வெட்டிய முகம் வட்டமாக, ஈரமாக, அப்படியே இருந்தது. அதன் கீழிருந்து வேர்கள் தடித்துக் கிளம்பியிருந்தன. வெள்ளை நுனிகள். புத்தம் புதியவை. எல்லாம் வீட்டுப் பக்கமே நீண்டிருந்தன. மண் வாசனை வரவில்லை. கைக்குழந்தையின் கழுத்து மடிப்பில் பால் காய்ந்த வாடை வந்தது.

தண்டில்லாமல் ஒரு வேர் யாருக்காக வளர்கிறது?

கத்திரியை எடுத்தாள். ஒரு வேரை வைத்து நறுக்கினாள்.

“அம்மா! வலிக்குதும்மா!”

உள்ளறையிலிருந்து. கத்திரியைப் போட்டுவிட்டு ஓடினாள். மகள் கட்டிலில் இடது பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தோலில் கீறல்கூட இல்லை.

“எங்கடா வலிக்குது? என்ன குத்துச்சு?”

“நீதானே வெட்டின.”

அந்த அறைக்கு வாசல் பக்கம் ஜன்னல் கிடையாது.

கணவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. இனி வெட்ட முடியாது. பிடுங்கவும் முடியாது. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் மீதி இருந்தது: அன்றைக்கே செய்திருக்க வேண்டியதை இப்போது செய்வது. நர்சரியிலிருந்து தெம்பான கன்றாகப் பொறுக்கி எடுத்துவந்து, அந்த இடத்தில் இறக்கி, சுற்றிலும் மண்ணை அழுத்தினாள். இடம் நிறைந்தது. மகளின் அழுகையும் அடங்கியது. கதவை உள்ளே தாழிட்டு, மகளின் பக்கத்தில் படுத்து, சின்ன முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, அன்றைக்கு முதல்முறையாக மூச்சை முழுதாக விட்டாள். கண் அசந்துவிட்டது.

விழித்தபோது அறை மங்கியிருந்தது. பொழுது சாய்கிற நேரம். கை தட்டிக்கொண்டிருந்தது வெறும் தலையணையை.

தாழ் திறந்திருந்தது.

வாசற்படியில் அந்தக் கன்று கிடந்தது. வேரில் ஒரு பொட்டு மண் இல்லை. யாரோ வலிக்காமல் எடுத்து, பக்குவமாகப் படுக்கவைத்தது போல.

பனைகள் நிமிர்ந்திருந்தன. மூன்றும் நேராக. நெருக்கமாக. நடுவில் இடமே தெரியவில்லை.

“வாண்டு?”

“இங்கதாம்மா.”

தண்டுகளுக்கிடையில் கையை நுழைத்தாள். சருமம் தட்டுப்பட்டது. சில்லென்று. கணுக்கால் வரை மண். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். வரவில்லை. பல்லைக் கடித்து இழுத்தாள். கீழே ஏதோ இழை இழையாக அறுந்தது. தலைக்கு மேல் மூன்று பனைகளும் ஓலையோடு நடுங்கின. காற்றே இல்லை.

“இழுக்காதம்மா. எல்லாருக்கும் வலிக்குது.”

கைகள் தளர்ந்தன. விடவில்லை. விட முடியவில்லை.

“அப்பா வந்துடுவாருடா. கொஞ்சம் பொறுத்துக்கோ. அம்மா பிடிச்சிருக்கேன்ல?”

பின்புறம் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது, தினமும் சாயங்காலம் ஓடுவது போல. குழாயில் காற்று சீறியது. பனைகளின் அடியில் தண்ணீர் குமிழியிட்டு மண்ணுக்குள் இறங்கியது.

மகளின் உதடுகள் இறுக மூடியிருந்தன. கழுத்தைத் தாங்கியிருந்த தாயின் விரலுக்கடியில் அந்தச் சின்னத் தொண்டை ஏறியது. இறங்கியது.

மடக்.

மடக்.