புறங்கையால் ஒரு தள்ளு

சமையல் மேடை மேல் கிடந்த போன் மூன்று முறை விட்டு விட்டு அதிர்ந்தது. மற்ற செய்திக்கெல்லாம் ஒரே அதிர்வுதான். அந்த மூன்று அதிர்வுக்கு உரிய மாமியார் போய்ச் சேர்ந்து இன்றோடு இருபத்திரண்டு நாள்.

பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவளுக்கு இரண்டு கையும் முழங்கை வரை மாவு. வழக்கம்போலப் புறங்கையால் திரையை ஒரு தள்ளு தள்ளினாள். தள்ளிய பிறகுதான் அது எத்தனை அதிர்வு என்பது உறைத்தது.

அன்றைக்கும் இப்படித்தான். தள்ளுபடி விளம்பரம், குடும்பக் குழுவில் காலை வணக்கப் பூக்கள், 'எங்களை மறந்துவிட்டீர்களா' என்று கெஞ்சும் ஏதோ விளையாட்டுச் செயலி என்று, மாவு காய்கிற அவசரத்தில் என்ன ஏது என்று பாராமல் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டே இருந்தாள். அந்த வரிசையில்தான், விழுந்தால் தானே தகவல் சொல்லும் மாமியாரின் கைப்பட்டையும் நான்கு முறை செய்தி அனுப்பியிருந்தது. 'அம்மா விழுந்துவிட்டார். உதவி தேவை.' குளியலறை ஈரத்தில் அந்த அம்மாள் மூன்று மணி நேரம் கிடந்தார்.

"செய்தியே வரலையா?" என்று கணவன் கேட்டபோது, "சத்தியமா வரலைங்க" என்றாள். அவன் பட்டை விற்ற கடைக்காரனைத் திட்டித் தீர்த்தான்.

மறுபடியும் மூன்று அதிர்வு. இந்த முறை குனிந்து படித்தாள். 'அம்மா விழுந்துவிட்டார்.'

மாவு விரலாலேயே கணவனைப் போனில் கூப்பிட்டாள்.

"அத்தையோட பட்டை எங்கங்க?"

"பீரோலதான் கிடக்கு. சார்ஜே கிடையாது. ஏன், என்ன ஆச்சு?"

சொல்லியிருக்கலாம். எல்லாவற்றையும்.

"சும்மாதாங்க கேட்டேன்."

போனை வைத்ததும் வீடு அமைதியாகிவிட்டது, ஈஸ்ட்டின் புளிப்பும் உருகிய வெண்ணெயின் வாசனையும் நிறைந்திருந்த அடுப்படிக்குள் மாமியார் முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் காரமும் மெல்லக் கலந்தது, அதன் பின்னாலேயே குளியலறைப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கதவை நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"போன் கூப்பிட்டா ஓடுற. நான் கூப்பிட்டா மட்டும் காது அடைச்சிக்குது, இல்லம்மா உனக்கு?" தினமும் சாப்பிட உட்காரும்போது மாமியார் குத்திக்காட்டியது நினைவுக்கு வந்தது.

மூன்று அதிர்வு. மூன்றாவது தடவை.

இந்த முறை தள்ளவில்லை. மாவுக் கையோடு ஓடினாள். கதவு திறந்திருந்தது. உள்ளே யாருமில்லை. துண்டு மாட்டும் கொக்கியில் பட்டை தொங்கியது. திரையில் வெளிச்சம்.

கையை நீட்டினாள். தரை ஈரம். கால் வழுக்கியது. இடுப்பில் எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கொக்கி காலி. பட்டை அவள் மணிக்கட்டில். இறுக்கமாக.

"யாராச்சும்..." குரல் எழும்பவில்லை. கதவைச் சுரண்டினாள். நகத்தில் ஒட்டியிருந்த மாவு உதிர்ந்தது.

அடுப்படியில் போன் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு.

மூன்றாவது வரவில்லை. யாரோ தள்ளிவிட்டார்கள்.

மறுபடி. ஒன்று.

தள்ளு.

மறுபடி.

தள்ளு.

நான்காவது முறை அது அதிரத் தொடங்கும்போதே அடங்கியது. பிறகு, மேடையில், அவசரமே இல்லாமல், மாவை அடித்துப் பிசையும் சத்தம்.