கழற்றிய ஒயரில் ஒரு துடிப்பு

ஸ்பீக்கர் ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய பிறகும் மீட்டரின் முள் அசைந்தது.

பெரிய அசைவு ஒன்றுமில்லை. பூஜ்யத்திலிருந்து மயிரிழை அளவு எழுந்து விழுந்தது. காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக் குனிந்திருந்தான் அவன். புது கார்பெட்டின் பசை வாடையும் மரப்பெட்டியின் வார்னிஷ் நெடியும் மூக்கை அடைத்தன. பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் மாலை வெளிச்சம் சிமெண்ட் தரையை விட்டு மெல்லப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஆம்பில் வைக்க வேண்டிய மீட்டர் முனைகளை ஏதோ ஞாபகத்தில் கழற்றிய ஸ்பீக்கர் ஒயரிலேயே மாட்டியிருந்தான். தொழிலுக்கு வந்த புதிதில் செய்கிற தப்பு. முள் மறுபடி எழாமல் இருந்திருந்தால் தன்னையே கிண்டல் செய்துகொண்டு மாற்றியிருப்பான்.

மறுபடி எழுந்தது.

கார் ஒரு டிராவல்ஸ்காரருடையது. "அடி நெஞ்சுல விழணும் தம்பி" என்று பெரிய ஸ்பீக்கராக இரண்டு கேட்டவர். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஆம்ப் தாங்குகிற ஒன்று போதும், காற்றுப் புகாத பெட்டியில் வைத்தால் சத்தம் சுத்தமாக வரும் என்று அரை நாள் வாதாடி ஒன்றுக்கு இறக்கியிருந்தான். பெட்டியை அறுத்து, ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து மூடியது அவன்தான். அதில் பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

ஸ்பீக்கர் மாட்ட வருகிறவர்களிடமெல்லாம் அவன் தவறாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஆம்பில் இருக்கும் கெயின் திருகு வால்யூம் இல்லை. அதை அடியோடு குறைத்து, ஸ்பீக்கரைக் கழற்றி, ஒரே சுருதியில் ஒலிக்கும் டெஸ்ட் சத்தத்தை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். ஊருக்குத்தான் உபதேசம். காலையில் அவனே அதைக் காதால் ஏற்றினான். நிறைமாத மனைவி டீ கொண்டுவந்தபோது பெருமை தாங்காமல் அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, பெட்டி முதுகுக்கு நேர் பின்னால் இருப்பதை நினைக்காமல், கெயினைக் கடைசிவரை திருகினான். கண்ணாடிகள் அதிர்ந்தன. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போதுங்க. உள்ள என்னமோ பண்ணுது."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தபோது கூசியது.

ரோட்டில் போகிற லாரியின் அதிர்வோ என்று ஷட்டரை முழுவதும் இறக்கினான். இருட்டு. டிக்கியின் சின்ன பல்ப் மட்டும். முள் நிற்கவில்லை. யாராவது தொட்டால் ஸ்பீக்கரே கொஞ்சம் மின்சாரம் கொடுக்கும். அதன் முன்பக்கம் கூம்பாக இருக்கும் கோனை விரலால் அழுத்தினால் போதும், முள் ஆடும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் வெளியே யாரும் தொடவில்லை. அப்படியானால் உள்ளேயிருந்து.

எலியாக இருக்கும். மூடிய பெட்டிக்குள் எலி எப்படிப் போகும்?

கறுப்புக் கோன்மேல் உள்ளங்கையை வைத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. டக்டக்டக்டக் என்று மெலிதாக, விடாமல், அவசர அவசரமாக அடித்தது. இந்தத் துடிப்பை அவன் எங்கோ கேட்டிருக்கிறான். எங்கே என்று யோசித்தான். ஸ்கேன் அறையில் இதே ஓட்டத்தைக் கேட்டுத்தான் அவள், "தையல் மெஷின் மாதிரி ஓடுது பாருங்க" என்று அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

திறந்து பார்த்துவிட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு திருகாணியைத் தளர்த்தினான். உஸ்ஸென்று காற்று வெளியேறியது. ஈரச்சூடான காற்று. துடிப்பு தடுமாறியது. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

அரக்கப்பரக்கத் திருகாணியை இறுக்கினான். மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தான். முள் எழுந்தது. முன்பைவிடச் சின்னதாக.

மாடிப்படியில் காலடி கேட்டது. ஒரு படி. நின்று, இன்னொரு படி. உள்கதவு திறந்தது.

"என்னங்க."

"கீழ வராத. அங்கயே நில்லு."

"காலையிலேர்ந்து அசையவே இல்லைங்க."

அவள் முகம் தெரியவில்லை. குரல் உலர்ந்திருந்தது.

"இனிப்பு சாப்பிட்டுப் பாத்தேன். இடதுபக்கம் திரும்பிப் படுத்தும் பாத்தேன். ஒண்ணும் இல்லை."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம். கிளம்பு. இப்பவே."

சொல்லிவிட்டு காரைப் பார்த்தான். இருக்கிற வண்டி இது ஒன்றுதான். முன்னால் அவள் உட்காருவாள். பின்னால் இது. பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் போகலாமா? தனியாக விட்டுவிட்டா? அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவள் இறங்கி வந்துவிட்டிருந்தாள். அவனைத் தாண்டி டிக்கிக்குள் பார்த்தாள்.

கோனின் ஓரத்தில் ஏதோ புடைத்தது. கட்டைவிரல் அகலம். சின்னக் குதிகால் அளவு. அது மெதுவாக, சோம்பல் முறிப்பதுபோல, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்தது. கிழியாமல். சத்தமில்லாமல்.

"தொடாத" என்றான். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

அவள் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள். குனிந்து, பழகிய இடத்தில் வைப்பதுபோல, உள்ளங்கையைக் கோன்மேல் வைத்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"இதோ," என்றாள், அவன் கையையும் இழுத்துப் பக்கத்தில் வைத்து. "உதைக்குது பாருங்க."