துரைராஜ் பேருல ஒரு பெட்டி

ட்ரிங்... ட்ரிங்...!

ட்ரங்க் கால். குவைத்துலேர்ந்து!

"உங்க வெல்டர் துரைராஜ் லாரில அடிபட்டு செத்துட்டான். பாடி பெட்டில வருது"ன்னான் அங்க இருக்குற கம்பெனி கிளார்க்.

நான் ரிசீவரையே முறைச்சுப் பார்த்தேன்.

ஏன்னா... துரைராஜ் என் எதிர்லதான் பன்னை டீயில முக்கித் தின்னுக்கினு இருந்தாரு!

"இன்னா தேவானை, பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. தூக்கம் வரல, அதான் சொல்றேன். எனக்கு பதினேழு வயசு. தி.நகர்ல, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஆபீஸ்ல டைப்பிஸ்ட். எங்கண்ணன் ஜவஹருக்கு வெல்டிங் தெரியாது. டெஸ்ட்டுல பாஸானது துரைராஜ். பாஸ்போர்ட்ல பேரும் துரைராஜ். போட்டோ மட்டும், குவைத்துக்குப் போன அண்ணனோடது.

ஒட்டினது... நான்!

அப்போ செத்தது எங்கண்ணனா?

"மொதலாளீ...!"

சுயம்புலிங்கம் மொதலாளி ஓடியாந்தாரு. கேட்டாரு. கதவைத் தாழ் போட்டாரு.

"ஏட்டி, அழுகைய நிறுத்து! போலீஸ் வந்தா மொதல்ல உள்ள போறது நீதான்."

"என் அண்ணன் மொதலாளி..."

"துரைராஜ் பேருல வருது. துரைராஜ் பேருலயே எரிச்சிருவோம். உங்கம்மைக்குத் தெரியவே கூடாது."

பாவி! கல்லு மாதிரி சொல்றாரு!

"ஏலே துரைராஜ், இன்னிலேர்ந்து நீ செத்தவன். பட்டினப்பாக்கத்துல எங்கயாவது ஒளிஞ்சுக்கோ. பொண்டாட்டிய ஒப்பாரி வைக்கச் சொல்லு."

"தாயம்மாவா? நான் நெஜமா செத்தாலே அவ அழமாட்டா மொதலாளி!"

ட்ரிங்...!

"தேவானை? நான்தான்..."

அண்ணன் குரல்!

"அண்ணே! உயிரோட கீறியா?"

"கீறேன். ஆனா கேம்ப்ல நான் செத்துட்டேன்னு எழுதிட்டாங்க! வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போக முறை வெச்சு பாஸ் குடுப்பாங்க. இந்த வாரம் என் முறை. சூப்பர்வைசருக்கு இல்ல. என் பாஸைக் கேட்டாரு... குடுத்துட்டேன். அவர் மேல லாரி ஏறி மூஞ்சியே தெரியல. பாக்கெட்ல இருந்த பாஸைப் பார்த்து துரைராஜ்னு எழுதிட்டாங்க..."

"யாருண்ணே அந்த சூப்பர்வைசர்?"

அண்ணன் தேம்பினான்.

"நம்ம மொதலாளி மவன்... ராஜரத்தினம்."

மொதலாளி ரிசீவரைப் பிடுங்கினாரு. காதுல வெச்சாரு. அப்படியே தரையில சரிஞ்சாரு.

"என் புள்ளைன்னு சொன்னா... போலீஸ் பாஸ்போர்ட்டைக் குடையும், எல்லாம் வெளிய வந்துருமே... ஐயோ, எவன் பேருலயோவாடா உன்னை எரிக்கணும்...!"



துரைராஜ் மெதுவா தொண்டையைக் கனைச்சாரு.

"மொதலாளி... அப்போ நான் பொழைச்சுக்கலாமா... இல்ல, இன்னும் செத்தேதான் இருக்கணுமா?"