சலனமில்லாத நாடி

வேங்கைக்காட்டுச் சந்தையில் சென்னியப்பன் கடை விரித்த கையோடு, அவன் மனிதன் அல்ல என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. கடையின் முன்னால் கறுப்புத் திரை விழுந்தது. பொழுது சாய்வதற்குள் மனிதன் என்று நிரூபிக்காவிட்டால் கிடங்கிலிருக்கும் அத்தனையும் ஏலத்துக்குப் போகும்.

வேங்கைக்காடு கணினிக்குள் இருக்கும் விளையாட்டுக் காடு. ஈரோட்டில் பாதி வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். சிலர் பாதாளத்தில் இரும்பு வெட்டி விற்றார்கள். சிலர் பணக்காரப் பிள்ளைகளின் வீரர்களைக் கூலிக்கு வளர்த்துக் கொடுத்தார்கள். அரிய வாள்களை மலிவாகக் கிடக்கும்போது வாங்கிப் பதுக்கி, பெரும்போர் அறிவித்ததும் வெளியே எடுப்பவர்கள் புத்திசாலிகள். வெட்டினவனும் வளர்த்தவனும் பதுக்கினவனும் கடைசியில் வந்து நிற்பது தரகனிடம். மாட்டுத்தரகுக் குடும்பத்தில் பிறந்த சென்னியப்பன் அங்கே தரகன்.

அப்புறம் தானாடிகள் என்ற நிரல்கள் வந்தன. தூக்கமில்லை, சோறில்லை, தாமாகவே ஆடிச் சந்தையை நிரப்பின. அவற்றை வடிகட்ட நிர்வாகம் நாடியுறையைக் கட்டாயமாக்கியது. கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். துடிப்பு ஏறி இறங்கினால் மனிதன், ஒரே சீராக ஓடினால் தானாடி.

சென்னியப்பன் துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்து விலை பேசிப் பழகியவன். பிடிக்கிற விரல்தான் விலை. எதிராளியின் ஐந்து விரலையும் மடக்கிவிட்டுக் கையை உருவினால் பேரம் முறிந்தது. துண்டுக்குள் எத்தனை லாபம் வந்தாலும் முகம் மாறக்கூடாது. அவனுக்கு முகம் மட்டுமல்ல, ரத்தமே அடங்கிப் பழகியிருந்தது.

"மேடம், நான் மனுசனுங்க," என்றான் திரையில் தெரிந்த மேற்பார்வையாளர் ரோஸ்லினிடம்.

"உங்க நாடி அப்படிச் சொல்லலையே சார். நேத்து நாகக்கேடயம் அந்த விலைக்கு வித்தீங்க. ஒரு துடிப்பு கூடல."

"விக்கறவன் துள்ளுனா வாங்கறவன் முழிச்சுக்குவானுங்க!"

"பக்கத்துக் கடைக்காரங்க எல்லாம் பாஸாயிட்டாங்க சார். என்னமா துடிக்குது தெரியுமா?"

அது அவனுக்குத் தெரியும். பக்கத்துக் கடைகள் அத்தனையும் தானாடிகள். அவற்றுக்கு மனித நாடியைப் பதிவு செய்து விற்றவனே அவன்தான்.

மத்தியானம் முழுக்கப் பாடுபட்டான். பச்சை மிளகாயைக் கடித்தான், மாடிப்படி ஏறி இறங்கினான். ஓட்டத்தால் வரும் துடிப்பை நாடியுறை கணக்கில் எடுக்கவில்லை. அதற்கு மனம் அசைய வேண்டும். கடைசியில் சமையலறையிலிருந்த மனைவி சுகந்தியைக் கூப்பிட்டான்.

"இதைக் கொஞ்சம் மாட்டு. யார் கைன்னு அது பாக்காது."

"நானெதுக்கு மாமா?"

"நீதான் எதுக்கெடுத்தாலும் படபடப்பியே, கண்ணு."

சுகந்தி ஈரக்கையைத் துடைத்து மாட்டினாள். ரோஸ்லின் நெற்றியைச் சுருக்கினாள்.

"இது செல்லாது சார். இதே நாடி சந்தையில நாப்பது பேர்கிட்ட இருக்கு. நகல்."

"எங்கையி எப்படிங்க நகலாகும்?" என்றாள் சுகந்தி.

அவள் கணவனைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாததிலிருந்து விஷயத்தைப் படிக்க இத்தனை வருஷக் குடித்தனம் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது.

"நம்ம கயலுக்கு ஆபரேசன் நடந்தன்னைக்கு... கை ஜில்லுனு இருக்குன்னு எனக்கு ஒரு உறையப் போட்டு உட்டீங்களே. அதுவா?"

"ஆஸ்பத்திரிக்குக் கட்டணுமே சுகந்தி. அந்த மாதிரி சரக்கு லேசுல கெடைக்காது."

"புள்ள உள்ள கெடந்தா. நீங்க என்ற கையப் புடிச்சு உக்காந்திருந்தீங்க. நானும்..."

திரையில் அவளுடைய நாடிக்கோடு கூரையைத் தொட்டது. அவள் உறையைக் கழற்றப் போனாள்.

"கழட்டாத! இது புதுசு! இது யார்கிட்டயும் இல்ல!" என்று கத்தினான் சென்னியப்பன்.

பச்சை விளக்கு எரிந்தது. "மனிதர், உறுதி," என்றாள் ரோஸ்லின் சுகந்தியிடம். "கடையும் கிடங்கும் இனிமே இந்த நாடிக்குத்தான் திறக்கும் மேடம். தினமும் காலையில இதே துடிப்பு வேணும்."

"அதுக்கென்னங்க, இவரு மூஞ்சியப் பாத்தாப் போதும்."

திரை அணைந்தது. சுகந்தி உறையைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டு மூடினாள். அவன் தோளிலிருந்த துண்டை உருவித் தன் வெறுங்கைமேல் போர்த்தி நீட்டினாள்.

"வாங்க, பேசலாம்."

சென்னியப்பனுக்குத் தெம்பு வந்தது. பேரம் என்றால் வழி உண்டு. துண்டுக்குள் கைவிட்டான். சங்கிலியா, வீடா, பாதிப் பங்கா என்று மனசுக்குள் ஏற்றி இறக்கினான். அவள் எந்த விரலையும் பிடிக்கவில்லை. ஐந்தையும் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டுக் கையை உருவிக்கொண்டாள்.

சென்னியப்பனின் மணிக்கட்டு வெட்டி வெட்டித் துடித்தது. காதுவரை அடித்தது.

"சுகந்தி, இங்க பாரு, துடிக்குது! தொட்டுப் பாரு!"

அவள் கைப்பையோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லா நடிக்கறீங்க மாமா," என்றாள்.