கரிச்சானின் இருமல்

கரிச்சான் இருமியது.

ஒலிபெருக்கியில் ஆந்தையின் குரலைப் போட்டுவிட்டு, எந்தப் பறவை பதில் தருகிறது என்று அவள் காத்திருந்தாள். கணக்கெடுப்பில் அதுதான் முறை. ஈரப்பாசியின் வாடையும் அழுகிய இலைகளின் புளிப்பும் ஏறிய மூடுபனி பிற்பகலையே மங்கலாக்கியிருக்க, அதற்குள்ளிருந்து வறட்டு இருமல் ஒன்று வந்தது, பிறகு தொண்டையைச் செருமும் ஓசை. துடுப்புவால் கரிச்சான் கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்லும் பறவைதான். ஆனால் அந்த இருமலோடு அவள் பல வருடங்கள் ஒரே படுக்கையில் தூங்கியிருக்கிறாள்.

பறவைகள் அவள் கணவனின் பொறுப்பு, தவளைகள் அவளுடையது; இப்போது இரண்டும் அவள் தலையில். போன மழைக்காலத்தில் இந்தச் சரிவில்தான் அவன் விழுந்தான். உடல் கிடைக்கவில்லை. மழையைக் காரணம் காட்டி மறுநாளே தேடுதலை நிறுத்தினார் ஆய்வு மைய இயக்குநர். ஜீப் போகாத இடத்தை வரைபடத்தில் மட்டுமே பார்த்திருந்தவர், "விழுந்த நொடியே உயிர் போயிருக்கும்மா. வலியே தெரிஞ்சிருக்காது," என்று கூடவே விழுந்தவர்போல் அடித்துச் சொன்னார். மௌன அஞ்சலிக்கு நடுவில் அடித்ததும் அவருடைய போன்தான். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இதுவரை தூங்கினாள்.

வாக்கிடாக்கியில் இயக்குநரின் குரல் கரகரத்தது. "அமைச்சர் வர்றாரும்மா. புது இனம் ஒண்ணாவது காட்டணும். பாம்பு, பூரான் வேண்டாம். போட்டோவுக்கு லட்சணமா ஏதாவது பாருங்க."

"லட்சணமானதையெல்லாம் போன தடவையே காட்டிட்டோம் சார்."

"அப்போ அதுல ஒண்ணுக்குப் புதுப் பேரு வச்சிரலாமா?"

அவள் வாக்கிடாக்கியை அணைத்தாள்.

ஒரே இடத்தில் இரண்டு முறைக்கு மேல் ஒலியைப் போடக் கூடாது, பறவை தவித்துப்போகும். அவள் மூன்றாவது முறை போட்டாள். இருமல். இன்னும் அருகில். மறுபடி போட்டாள்.

"ஏய் தவக்களை."

அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒருவன்தான் இருந்தான்.

"என்னங்க?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கீழ இருக்கேன். கால் ஒடிஞ்சிருச்சு. கயிறு கொண்டு வா."

இடப்பக்கத்து மரத்திலிருந்து இன்னொரு பறவை: "விடிஞ்சிருச்சு. யாரும் வரலையா?"

பின்னால் ஒன்று. "மறுபடி இருட்டுது, தவக்களை."

"மழைதான் விட்டிருச்சே. ஏன் இன்னும் வரல?"

ஒருமுறை கேட்டதைக் கரிச்சான் கற்றுக்கொள்ளாது. பலமுறை கேட்க வேண்டும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

பனி விலகியது. தாழ்ந்த கிளையில் இரண்டு பறவைகள். வாலில் துடுப்பு இன்னும் முளைக்காத குஞ்சு அலகைத் திறந்தது. உடைந்த சத்தம். தாய் அதை ஒட்டி உட்கார்ந்து, அவசரமில்லாமல், அவன் குரலில் மீண்டும் சொல்லிக்காட்டியது.

குஞ்சு அவளைப் பார்த்தது. தலையைச் சாய்த்தது.

"தண்ணி," என்றது. இந்த முறை தெளிவாக.