பின்சக்கரத்தில் ஏறிய கனம்

பாலத்தின் நடுவில் பின்சக்கரம் லேசாக அமுங்கியது. பெய்லிங் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று கோயில் பூசாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

முன்னால் நின்ற கொழுந்தன் ஷிஹாவ், குறி கேட்கும் இரண்டு பிறைக்கட்டைகளைத் தரையில் வீசினான்; ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் 'ஆம்' என்று பொருள். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.

"அண்ணன் வந்துட்டான் அண்ணி. ஏறி உக்காந்துட்டான்."

போன வாரம் இதே பாலத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து மண்டை உடைந்து செத்தான் அவள் கணவன் குவோஷெங். வெளியில் செத்தவனைக் கூப்பிட்டு அழைத்துப் போகாவிட்டால் விழுந்த இடத்திலேயே நின்றுவிடுவான். தண்டவாளத்தைப் பெயர்த்துச் சைக்கிள் பாதையாக்கிய இந்தத் தடத்தில் கார் போக வழியில்லை. செத்தவனும் சைக்கிளில்தான் வீடு திரும்ப வேண்டும்.

"சொல்லிக்கிட்டே வாங்க. பாலம்னா பாலம்னு, திருப்பம்னா திருப்பம்னு. சொல்லாம விட்டா அவனுக்கு வழி தெரியாது."

"ம்."

"உயிரோட இருந்தப்பவே வழி கேக்க மாட்டான். கேட்டா கௌரவம் போயிடும்னு மலையில போய் முட்டிக்கிட்டு நிப்பான்."

சிரிக்க வேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு வாரமாக உள்ளே பஞ்சை அடைத்தாற்போல் இருந்தது.

"பாலம் தாண்டுறோம், குவோஷெங். என்கூட வா," என்றாள், யாருக்கோ சொல்வதுபோல.

ஷிஹாவ் ஒரு கையில் ஊதுபத்தியோடு தன் சைக்கிளை முன்னால் மிதித்தான். பாலம் முடிந்தது, மூங்கில் தோப்பு வந்தது, திருப்பம் வந்தது. எல்லாவற்றையும் அவள் சொன்னாள். பிறகு பழைய ரயில் சுரங்கம் வாயைத் திறந்தது. உள்ளே செங்கல்லில் படிந்திருந்த கரியின் வாடையும், எங்கோ சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரின் ஓசையும், தன் சங்கிலியின் கரகரப்பே சுவரில் பட்டு வேறு யாரோ பின்னால் மிதித்து வருவதுபோலத் திரும்பி வந்ததும் அவளைச் சூழ்ந்தன. அவளோ பால்கனிக் கொடியில் இன்னும் தொங்கும் கணவனின் பனியனை மடித்து வைப்பதா, எரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். நுழையும்போது சைக்கிள் லேசானது. பாதி வழியில் மறுபடி கனத்தது, முன்பைவிட அதிகமாக. கவனித்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

வெளியே மாலை வெயில். ஷிஹாவ் இறங்கித் திரும்பினான்.

"அண்ணி, சுரங்கத்துல சொன்னீங்கல்ல? எனக்குக் கேக்கல."

அவள் பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாள்.

"இல்ல. மறந்துட்டேன்."

அவன் அவசரமாகக் கட்டைகளை வீசினான். ஒன்று மல்லாந்தது, ஒன்று கவிழ்ந்தது.

"அப்பாடா! வந்துட்டான், பாருங்க. உயிரே போயிடுச்சு எனக்கு."

அப்போது சுரங்கத்துக்கு அப்பால், அவர்கள் நுழைந்த வாசலிலிருந்து, குரல் வந்தது. சன்னமாக. குவோஷெங்கின் குரல். அவன் மட்டும் கூப்பிடும் பெயர்.

"லிங்... எங்க போயிட்ட? இங்க ஒரே இருட்டு. வழி சொல்லு."

ஒரு வாரமாக வராத அழுகை அவளுக்குப் பொங்கியது. கைப்பிடியைத் திருப்பினாள். திரும்பவில்லை. அவனிடம் போக வேண்டும். போயே ஆக வேண்டும்.

ஷிஹாவின் கையிலிருந்து ஊதுபத்தி விழுந்தது. அவன் சுரங்கத்தைப் பார்க்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

அவள் இடுப்பைச் சுற்றி இரண்டு கைகள் வந்தன. மெல்ல.

குவோஷெங்கின் கைகள் அல்ல.

நகம்வரை சுரங்கத்துக் கரி.

விரல்கள் அவள் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டன. இறுகின. அவள் கால்கள் தரையில் ஊன்றியிருந்தன. மிதிகட்டைகள் தாமாகச் சுழன்றன. கால்கள் இழுபட, சைக்கிள் வீட்டுப் பக்கம் உருண்டது.

பின்னால் குவோஷெங் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.