வெல்ல விடாத அக்கா

யூட்டின் காலில் சுருட்டைப் பாம்பு கடித்துவிட்டது. கல்வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த பந்தை எடுக்க ஏறியவன், அலறிக்கொண்டு கீழே விழுந்தான். பாம்பு கல்லிடுக்கில் நுழைவதை அக்கா ஜசிந்தா தன் கண்ணாலேயே பார்த்தாள்.

நெடுந்தீவு ஆஸ்பத்திரியில் தாதி மிஸ்ஸி, அவன் காலோடு ஒரு பனைமட்டையை வைத்துத் துணியால் சுற்றிக் கட்டினார்.

"இதுக்கு ஊசி அக்கரையிலை, பெரிய ஆஸ்பத்திரியிலைதான் போடவேணும். காலை அசைச்சால் விசம் கெதியா ஏறும். பிள்ளை, அவன் பயந்து துடிக்காமல் நீர்தான் பாக்கவேணும்," என்றார் ஜசிந்தாவிடம்.

ஜசிந்தாவுக்குப் பதினொரு வயது. யூட்டுக்கு எட்டு. அவனை ஓரிடத்தில் இருத்துவது நல்ல நாளிலேயே நடக்காத காரியம்.

அம்மா கைக்குழந்தையோடு கரையில் நின்று சிலுவை போட்டார். அப்பா அருளப்பு வள்ளத்தைத் தள்ளினார். போரால் பெற்றோல் கிடைக்காத காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரம் இருமி இருமிப் புறப்பட்டது. நேவி கண்டால் சுடாதிருக்க, கம்பில் ஒரு வெள்ளைத் துணி பறந்தது.

பாதிக் கடலில் யூட் நெளியத் தொடங்கினான்.

"அக்கா, கால் எரியுது. எழும்பி இருக்கப்போறன்."

"படுத்திரு."

"ஏலாது."

ஜசிந்தா சுற்றிப் பார்த்தாள். தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. இங்கிலீஸ் பாடத்தில் ஆடுகிற விளையாட்டுத்தான் நினைவுக்கு வந்தது.

"இங்கிலீஸ் சொல்லு விளையாடுவமே? கடைசி மூண்டு எழுத்து ஏ, எல், எல். கருத்தும் சொல்லவேணும். காலை அசைச்சால் ஒரு புள்ளி போகும்."

யூட்டுக்குப் போட்டி என்றால் போதும்.

"நான் முதல். போல், பந்து."

"வோல், சுவர்."

"கோல், கூப்பிடுறது."

"ஃபோல், விழுறது."

"டோல், உயரமான."

திடீரென்று இயந்திரம் நின்றது. அப்பா கயிற்றை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். அலை வள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளியது. யூட்டின் உதடு நடுங்கியது.

ஜசிந்தாவிடம் இன்னும் சொற்கள் இருந்தன. பாவம், வெல்லட்டும் என்று நினைத்தாள்.

"எனக்கு வேற தெரியேல்லை. நீ வெண்டிட்டாய்."

யூட் சிரிக்கவில்லை. அவன் முகம் வெளுத்துப்போனது.

"நீ ஒரு நாளும் என்னை வெல்ல விடமாட்டாய்," என்றான் மெதுவாக. "அக்கா, நான் சாகப்போறனோ?"

அவன் உடம்பு முழுவதும் உதறத் தொடங்கியது. கட்டுப் போட்ட காலும் ஆடியது.

ஜசிந்தாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பாம்பைவிடத் தன் இரக்கம்தான் அவனைப் பயப்படுத்திவிட்டது.

"ஆர் உன்னை வெல்ல விட்டது?" என்றாள் குரலை உயர்த்தி. "சும்மா பேய்க்காட்டினனான். ஸ்மோல், சின்னது. உன்ர மூளை மாதிரி."

யூட் முறைத்தான். "ஹோல், மண்டபம்."

"ஸ்டோல், சந்தைக் கடை. காலை அசைச்சனி. ஒரு புள்ளி போச்சு."

"அசைக்கேல்லை."

"பெருவிரல் ஆடினது. கண்டனான்."

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மரக்கட்டை போலக் கிடந்தான். அப்பா பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, மீண்டும் கயிற்றை இழுத்தார். இயந்திரம் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது.

அதன்பின் ஜசிந்தா இரக்கமே காட்டவில்லை. ஏ, எல், எல் முடிய, ஐ, என், ஜி வந்தது. கிங், அரசன். றிங், மோதிரம். விங், சிறகு. 'ஸ்டிங், கொட்டுறது' என்பது நுனிநாக்குவரை வந்தது. பாம்பை நினைவூட்டும் என்று அதை மட்டும் விழுங்கிவிட்டு, "சிங், பாடுறது," என்றாள்.

அக்கரையில், குறிகட்டுவான் துறையில் ஒரு வான் கிடைத்தது. வானுக்குள்ளும் விளையாட்டு நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றும்வரை யூட் தோற்றுக்கொண்டே இருந்தான்.

அடுத்த நாள் காலை, டொக்டர் அவன் காலை அழுத்திப் பார்த்தார்.

"இனிப் பயமில்லை. ஆர் இவனை இப்பிடி ஆடாமல் கொண்டுவந்தது?"

அப்பா ஜசிந்தாவைக் காட்டினார். அவள் கூச்சத்தோடு நின்றாள்.

"டொக்டர், அவ அளாப்பி, கள்ள விளையாட்டு விளையாடுறவ," என்றான் யூட். "விரல் ஆடினதுக்கெல்லாம் புள்ளி வெட்டினவ."

"அப்ப நீர் தோத்துப்போனீரோ?"

யூட் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"இன்னும் முடியேல்லை," என்றான்.